கோர் எண்ணிக்கைய மட்டும் பார்த்து வாங்காதீங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல லேப்டாப் வாங்குறதப் பத்தி ரெண்டு பக்கம் எழுதினதுக்கு அப்புறம் வந்த கடிதம், மெயில், வாட்ஸ்அப் எல்லாத்தையும் உக்காந்து படிச்சேன், பாதிக்கு மேல ஒரே சந்தேகம் தான். சர்வர்ல போடுற பிராசஸர் பெருசா, லேப்டாப்ல இருக்கிறது பெருசா, அத வாங்கலாமா இத வாங்கலாமான்னு. அதனால இந்த தடவ மத்த கேள்விகள ஒதுக்கி வச்சிட்டு இத மட்டும் எடுத்துக்கறேன். யாரோட பேரும் போடல, ஊர் மட்டும் தான். புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வரி: சர்வர்னா பல பேருக்கு ஒரே நேரத்துல வேலை பார்க்கிற கம்ப்யூட்டர், கோர்னா பிராசஸருக்குள்ள வேலை செய்யற ஒரு ஆள் மாதிரி, த்ரெட்னா அந்த ஆள் கையில இருக்கிற ஒரு வேலை வரிசை.

கேள்வி (மதுரை): அண்ணா, நான் கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றேன். பழைய சர்வர்ல இருந்து கழட்டின ஜியான் இ5-2680 வி4 பிராசஸர், போர்டு, 32 ஜிபி ராம் மூணும் சேர்த்து ஒரு நல்ல லேப்டாப் விலையில பாதிக்கும் கம்மியா தர்றேங்கறாங்க. 14 கோர், 28 த்ரெட். நான் பார்த்து வச்சிருக்கிற லேப்டாப்ல ரைசன் 7 5800எச், 8 கோர் தான். 14 தானே பெருசு, வாங்கிடவா?

பதில்: வாங்காதீங்க தம்பி, உங்க தொழிலுக்கு அது சரிப்படாது. ஏன்னு கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன், ஏன்னா இதே கேள்வி இன்னும் நாலஞ்சு பேர் கேட்டிருக்காங்க.

அந்த ஜியான், இன்டெல் சர்வருக்குன்னு செஞ்ச பிராசஸர், 2016ல வந்தது. நல்ல பிராசஸர் தான், அந்த காலத்துல டேட்டா சென்டர்ல நிறைய ஓடுச்சு, அங்க புது மெஷின் மாத்தும்போது கழட்டினது தான் இப்ப நம்ம கைக்கு சல்லிசா வருது. 14 கோர், 2.4 கிகாஹெர்ட்ஸ் (நொடிக்கு 240 கோடி துடிப்பு), உச்சத்துல 3.3, 120 வாட். நீங்க சொல்ற 5800எச், ஏஎம்டி கம்பெனியோடது, 2021ல வந்தது, 8 கோர், 16 த்ரெட், உச்சத்துல 4.4 கிகாஹெர்ட்ஸ், 45 வாட். இங்க ரெண்டு விஷயம் சேருது. ஒண்ணு, கிகாஹெர்ட்ஸே 3.3க்கும் 4.4க்கும் நடுவுல மூணுல ஒரு பங்கு வித்தியாசம். ரெண்டாவது, நடுவுல ஓடின அஞ்சு வருஷத்துல கோரோட உள் அமைப்பே மாறிடுச்சு, ஒரு துடிப்புக்குள்ள புது கோர் பண்ற வேலை பழைய கோர் பண்றத விட ஜாஸ்தி. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா ஒத்தைக்கு ஒத்த கோர் போட்டியில லேப்டாப் ஒன்றரை மடங்குக்கு மேல போயிடும். சரி, 14 கோரும் சேர்ந்து ஓடுற வேலையில? அதுலயும் ஏறக்குறைய சமமாத் தான் நிக்கும். 8 ஆள் 14 ஆள் வேலைய பார்த்துடறாங்கன்னு வச்சுக்கங்க, அதுவும் பாதிக்கும் கம்மியான கரண்ட்டுல.

உங்க வேலைக்கு இதெல்லாத்தையும் விட முக்கியமான ஒண்ணு இருக்கு, விக்கிறவங்க அதப் பத்தி வாயத் தொறக்க மாட்டாங்க. அந்த ஜியானுக்குள்ள கிராபிக்ஸே கெடையாது. மானிட்டர்ல படம் வரணும்னாலே தனியா கார்டு வாங்கிப் போடணும். கேமராவுல இருந்து எச்.264, எச்.265ங்கற முறையில சுருக்கி வர்ற வீடியோ ஃபைல பிரிச்சுக் காட்டுறதுக்குன்னே லேப்டாப் பிராசஸர்ல தனி பகுதி இருக்கு, டைம்லைன்ல இழுத்து இழுத்துப் பார்க்கும்போது அது தான் கை கொடுக்கும். ஜியான்ல அந்த பாரம் முழுக்க கோர் மேல விழும், இல்லேன்னா நீங்க வாங்கிப் போடுற கார்டு மேல. இன்னொண்ணும் கேட்டுக்கங்க, உங்க கேமரா 4:2:2 10 பிட் (நிறத்த கூடுதல் விவரமா பதியற முறை) எச்.265ல எடுக்குதுன்னா 5800எச்சும் அத பிரிக்க திணறும், அதுக்கு இன்டெல் 11ஆம் தலைமுறையோ அதுக்கு மேலயோ உள்ள லேப்டாப் பாருங்க, அதுல அந்த வசதி சிப்புலயே இருக்கு. வாங்குறதுக்கு முன்னாடி கேமரா செட்டிங்ஸ ஒரு தடவ தொறந்து பார்த்துடுங்க, இந்த ஒரு விஷயத்துக்காகவே லேப்டாப்ப மாத்தினவங்க இருக்காங்க.

கரண்ட் கணக்கும் போட்டுடுவோம். லேப்டாப்ப விட அந்த செட்டு 100 வாட் கூட இழுக்குதுன்னு வைங்க, கார்டும் சேர்ந்தா இன்னும் ஜாஸ்தி தான். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், மாசத்துக்கு 24 யூனிட், நம்ம ஊர் ரெண்டு மாச பில்லுல 48 யூனிட். ஸ்லாப் எல்லைல இருக்கிற வீட்டுக்கு அது நல்லாவே தெரியும். விண்டோஸ் 11க்கான மைக்ரோசாஃப்ட் பட்டியல்லயும் இந்த பிராசஸர் இல்ல, விண்டோஸ் 10க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சு போச்சு. போர்டையும் ஒரு கண்ணு பாருங்க. எக்ஸ்99ங்கறது ஒரு சிப்செட் பேர், அதாவது போர்டுல பிராசஸருக்குத் துணையா இருக்கிற சிப். அந்த பேர் போட்டு வர்ற புது போர்டுல பல போர்டுக்கு உள்ள இருக்கிறது வேற பழைய டெஸ்க்டாப் சிப்செட் தான்.

அப்ப இது யாருக்குத் தான் ஆகும்? ஒரே மெஷின்ல ஏழெட்டு விர்ச்சுவல் மெஷின் (ஒரு கம்ப்யூட்டருக்குள்ள சாஃப்ட்வேராவே ஓடுற தனித்தனி கம்ப்யூட்டர்) ஓட்டிப் படிக்கணும், ராம் நிறைய வேணும், கரண்ட் செலவு பரவால்லன்னு இருக்கிறவங்களுக்கு ஆகும். பிராசஸர் அளவுல 1.5 டிபி வரைக்கும் ராம் ஏத்துக்கும், ராமுக்குப் போற பாதை, அதாவது சேனல், நாலு இருக்கு, நொடிக்கு 76.8 ஜிபி போய் வரும். உங்க லேப்டாப்புல டிடிஆர்4-3200 வகை ராம், ரெண்டு சேனல்ல 51.2 தான். இங்க ஒரு இடத்துல மட்டும் ஜியான் ஜெயிக்குது, அத மறைக்கக் கூடாது இல்லையா.

கேள்வி (ஈரோடு): எங்க ஜவுளி கம்பெனில புது சர்வர் வாங்கினோம், 16 கோர், 32 த்ரெட், 128 ஜிபி ராம். வருஷக் கடைசி ஸ்டாக் ரிப்போர்ட் எடுத்தா அதுல 11 நிமிஷம் ஆகுது. அதே டேட்டாவ என் லேப்டாப்புக்கு காப்பி பண்ணி எடுத்தா 7 நிமிஷம். சர்வர்ல சிபியு 3 சதவீதம் தான் காட்டுது. வித்தவங்க கிட்ட கேட்டா 97 சதவீதம் ஃப்ரீயா இருக்கு சார், மெஷின்ல ஒண்ணும் கோளாறு இல்லேங்கறாங்க. முதலாளி என்னத் தான் கேள்வி கேக்கறார்.

பதில்: உங்க கடிதத்துலயே பதில் இருக்கு சார், அந்த 3 சதவீதம் தான். 100ஐ 32ஆல வகுத்துப் பாருங்க, 3.125. அதாவது 32 த்ரெட்ல ஒரே ஒரு த்ரெட் மட்டும் மூச்சு முட்ட ஓடிக்கிட்டு இருக்கு, மிச்சம் 31ம் சும்மா உக்காந்திருக்கு. மெஷின் ஃப்ரீயா இருக்கிற மாதிரி தெரியுது, ஆனா உங்க ரிப்போர்ட்டுக்கு இதுக்கு மேல ஒரு சொட்டு வேகம் அதுல கெடையாது.

உங்க ஊர்ல இத சொல்லிப் புரிய வைக்கிறது சுலபம். ஒரு ஷெட்டுல 32 தறி ஓடுது. சாயங்காலத்துக்குள்ள 32 சேலை வேணும்னா அந்த ஷெட்டு தான். ஆனா அவசரமா ஒரே ஒரு சேலை வேணும்னு நின்னா? ஒரு சேலை ஒரு தறியில தான் இறங்கும், மிச்ச 31 தறி இருந்து அதுக்கு எந்த உதவியும் இல்ல, அந்த ஒரு தறி எவ்ளோ வேகமோ அது தான் வேகம். உங்க லேப்டாப் தறி எண்ணிக்கையில கம்மி, ஓட்டத்துல வேகம் ஜாஸ்தி.

உங்க கணக்கு சாஃப்ட்வேர் அந்த ரிப்போர்ட்ட ஒரே த்ரெட்ல, ஒரு வவுச்சருக்கு அப்புறம் அடுத்த வவுச்சர்னு வரிசையா எடுக்குது. ஸ்டாக் மதிப்பு அப்படித் தான் வரும், நேத்து இருப்பு தெரியாம இன்னிக்கு இருப்பு தெரியாதே. ஜீன் ஆம்டால்னு ஒரு இன்ஜினியர், ஐபிஎம்மோட சிஸ்டம்/360 கம்ப்யூட்டர வடிவமைச்சவர்ல முக்கியமானவர், அவர் 1967லயே இத எடுத்து வச்சிட்டார். 10 நிமிஷ வேலையில 8 நிமிஷம் வரிசையா தான் போகணும்னா, மிச்ச 2 நிமிஷத்துக்கு நீங்க ஆயிரம் கோர் போட்டாலும் 8 நிமிஷத்துக்குக் கீழ இறங்கவே இறங்காது. இந்த கணக்க முதலாளி கிட்ட அப்படியே காட்டுங்க.

டாஸ்க் மேனேஜர்ல சிபியு படத்து மேல ரைட் கிளிக் பண்ணி லாஜிக்கல் பிராசஸர்னு மாத்தினா 32 சின்ன கட்டம் வரும். ஒரே கட்டம் நிறைஞ்சு நிக்கும்னு எதிர்பார்க்காதீங்க, விண்டோஸ் அந்த ஒரு வேலைய அப்பப்ப வேற கோருக்கு மாத்தி மாத்தி விடும், அதனால ரெண்டு மூணு கட்டத்துல மேடும் பள்ளமுமா தெரியும். மொத்தம் 3ஐ ஒட்டியே நிக்குதான்னு பாருங்க, அது தான் அடையாளம்.

செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு, காசு செலவு இல்ல. விண்டோஸ் சர்வர்ல பவர் பிளான் பேலன்ஸ்டுல தான் வரும், அத ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாத்துங்க, பயாஸ்லயும் (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி தொறக்கிற செட்டிங் பக்கம்) அதே மாதிரி ஒரு பவர் செட்டிங் இருக்கும், அதையும் மாத்தச் சொல்லுங்க. அந்த செட்டிங் காரணமா கோர் உச்ச வேகத்துக்கு ஏறாம நின்னிருந்தா அதுலயே கொஞ்ச நிமிஷம் மிச்சமாகும். அப்புறம் டேட்டா ஹார்டு டிஸ்க்ல இருக்கா எஸ்எஸ்டில இருக்கான்னு ஒரு பார்வை. இவ்ளோ பண்ணியும் லேப்டாப்ப விட கொஞ்சம் பின்னாடி தான் நிக்கும், அது மெஷினோட குத்தம் இல்ல, நீங்க வாங்கினதுலயும் தப்பு இல்ல. 30 பேர் ஒரே நேரத்துல பில் போடட்டும், அதே சாஃப்ட்வேர உங்க லேப்டாப்ல வச்சு ஓட்டிப் பாருங்க, அரை மணி நேரத்துல அது படுத்துடும், சர்வர் அசையாது. வருஷத்துக்கு ஒரு தடவ எடுக்கிற ரிப்போர்ட்ட வச்சு வருஷம் பூரா உழைக்கிற மெஷின மதிப்பு போட வேணாம்னு முதலாளி கிட்ட சொல்லுங்க.

கேள்வி (கோயம்புத்தூர்): சர்வர் பிராசஸர் ஒண்ணே பத்து லட்சம் ரூபாய்னு படிச்சேன். என் லேப்டாப் மொத்தமா 90 ஆயிரம். அப்ப அது பத்து மடங்கு வேகமா?

பதில்: உங்க லேப்டாப்ல ரைசன் 7 7840எச்எஸ் இருக்குன்னு எழுதியிருக்கீங்க, ரொம்ப நல்லதாப் போச்சு, ஏன்னா அதோட பெரியப்பா பையன் ஒருத்தன் சர்வர்ல இருக்கான். ஏஎம்டியோட எபிக் 9654, 2022 நவம்பர்ல வந்தது. ரெண்டுலயும் இருக்கிறது ஜென் 4ன்னு ஒரே கோர் வடிவம் தான். ஒரே வயித்து வம்சம்ங்கறதால ஒப்பிட்டுப் பார்க்க இத விட சரியான ஜோடி கெடைக்காது.

எபிக்ல 96 கோர், 192 த்ரெட், 360 வாட், வந்தப்ப விலை 11,805 டாலர், அன்னிக்கு ரேட்டுல ஒன்பதரை லட்சம் ரூபாய்க்கு மேல. உங்களுதுல 8 கோர். இப்ப வாட்ட கோருக்குப் பங்கு போட்டுப் பாருங்க. 360ஐ 96ஆல வகுத்தா ஒரு கோருக்கு 3.75 வாட், அதுலயும் மெமரி, வெளித் தொடர்பு எல்லாத்தையும் பார்த்துக்கிற நடு சிப்போட பங்கு போகணும். உங்க லேப்டாப்ல 45 வாட்டுனு வச்சாலும் கோருக்கு 5.6 வாட். அதாவது ஒன்பதரை லட்ச ரூபாய் சர்வர்ல இருக்கிற ஒரு கோருக்கு கெடைக்கிற கரண்ட், உங்க மடியில இருக்கிற கோருக்கு கெடைக்கிறத விட கம்மி! முதல் தடவ இந்த கணக்க போட்டுப் பார்த்தப்ப நானே ரெண்டு தரம் சரி பார்த்தேன்.

அதனால தான் உச்ச வேகம் எபிக்ல 3.7 கிகாஹெர்ட்ஸ், உங்களுதுல 5.1. ஒத்தக் கோர் வேலையில உங்க லேப்டாப் தான் முன்னாடி போகும். ஏன் சர்வர்லயும் 5.1 வைக்கக் கூடாதுன்னா, வேகத்த ஏத்தணும்னா வோல்டேஜையும் ஏத்தணும், வோல்டேஜ் ஏறினா செலவாகுற கரண்ட் அதோட வர்க்கத்துக்கு ஏறும், கடைசி அரை கிகாஹெர்ட்ஸுக்கு குடுக்கிற விலை தான் எல்லாத்துலயும் ஜாஸ்தி. 96 கோருக்கும் அந்த விலை குடுத்தா அந்த சூட்ட எடுத்துப் போட வழியே இருக்காது.

மெமரிலயும் இதே கதை தான், பாருங்க. எபிக்ல 12 சேனல் டிடிஆர்5-4800, நொடிக்கு 460.8 ஜிபி, கேட்க பிரமாதமா இருக்கு. 96க்குப் பிரிச்சா கோருக்கு 4.8. உங்க லேப்டாப்ல டிடிஆர்5-5600 ரெண்டு ஸ்டிக் இருந்தா 89.6, எட்டுக்குப் பிரிச்சா 11.2. கேஷ்ல (பிராசஸருக்குள்ளயே இருக்கிற சின்ன, வேகமான மெமரி) மட்டும் சர்வர் கை ஓங்குது, கோருக்கு 4 எம்பி, உங்களுக்கு 2 எம்பி.

அப்ப அந்த ஒன்பதரை லட்சம் எதுக்கு? 96 வேலைய ஒரே நேரத்துல, வேகம் தொய்யாம, வருஷக் கணக்கா பார்க்கிறதுக்கு. ஒரு பிராசஸருக்கு 6 டிபி வரைக்கும் ராம், 128 பிசிஐஇ லேன்ல, அதாவது இணைப்புப் பாதையில, எஸ்எஸ்டியும் நெட்வொர்க் கார்டுமா அடுக்குறதுக்கு. ரயில் டிக்கெட்டுக்கு காலையில 10 மணிக்கு ஒட்டுமொத்தமா வந்து விழுற கூட்டத்த தாங்கறதுக்கு. உங்க ஒரு ஆளோட பக்கம் சீக்கிரம் தொறக்கணும்ங்கறது அதோட முதல் கவலை இல்ல, எத்தன பேர் வந்தாலும் யாரோட பக்கமும் நிக்கக் கூடாதுங்கறது தான்.

கேள்வி (அதே வாசகர்): அப்ப கீக்பென்ச் 6ங்கற வேகச் சோதனை ஸ்கோர்ல அந்த பெரிய சர்வர்லாம் சாதாரண டெஸ்க்டாப்ப விட பெருசா முன்னாடி இல்லையே, அந்த டெஸ்ட்டு தப்பா?

பதில்: தப்பு இல்ல, கேள்வியே வேற. கீக்பென்ச் 5 வரைக்கும் மல்டிகோர்னா ஒவ்வொரு கோருக்கும் ஒரு தனி வேலைய குடுத்து எல்லாத்தையும் கூட்டுவாங்க. 2023ல வந்த 6ல அத மாத்தி, ஒரே வேலைய எல்லா கோரும் பங்கு போட்டு முடிக்கணும்னு வச்சாங்க, வீட்டு கம்ப்யூட்டர்ல வேலை அப்படித் தானே நடக்குது. பங்கு போட்டா பேசிக்கணும், காத்திருக்கணும், அதனால 96 கோர் இருந்தும் ஸ்கோர் ஏறாது. ஈரோட்டுக்காரருக்கு சொன்ன அதே ஆம்டால் கணக்கு தான்.

இந்த வித்தியாசத்த ஒழுங்கா பிரிச்சு வச்சிருக்கிறது ஸ்பெக் சிபியு 2017ங்கற சோதனை. அதுல ஸ்பீடுன்னு ஒண்ணு, ரேட்டுனு ஒண்ணு. ஸ்பீடுல ஒரு வேலை எவ்ளோ நேரத்துல முடியுது. ரேட்டுல அதே வேலையோட பல காப்பிய ஒண்ணா ஓட விட்டு, மொத்தமா எவ்ளோ தள்ளுதுன்னு பார்ப்பாங்க. சர்வர் விளம்பரத்துல வர்ற எண்ணு ரேட்டா ஸ்பீடான்னு பார்க்காம அத நம்பாதீங்க.

கேள்வி (நாகர்கோவில்): என் லேப்டாப்லயும் என் ஃப்ரெண்டு லேப்டாப்லயும் ஒரே ஐ7-1165ஜி7 தான். வீடியோ கன்வர்ட் பண்ணா அவனுது சீக்கிரம் முடியுது. எனக்கு போலி பிராசஸர் குடுத்துட்டாங்களா?

பதில்: போலி எல்லாம் இல்ல, பயப்படாதீங்க. அந்த பிராசஸர 12 வாட்ல இருந்து 28 வாட் வரைக்கும் எதுல வேணும்னாலும் ஓட்டலாம்னு இன்டெல்லே விட்டிருக்கு, லேப்டாப் செய்யறவங்க அவங்க விசிறி, ஹீட் பைப் தாங்குற அளவுக்கு வச்சுக்குவாங்க. பேர் ஒண்ணு, சாப்பாடு வேற.

என் அக்கா பொண்ணு கிட்ட இதே சிப் போட்ட மெல்லிசான லேப்டாப் ஒண்ணு இருக்கு. காலேஜ் ஆண்டு விழா வீடியோவ எக்ஸ்போர்ட் போட்டுட்டு, மாமா தொங்கிப் போகுது பாருங்கன்னு கொண்டு வந்து வச்சா. டாஸ்க் மேனேஜர தொறந்து வச்சிட்டு ரெண்டு பேரும் உக்காந்து பார்த்தோம். முதல் அரை நிமிஷம் 4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ஜம்முனு ஓடுச்சு, விசிறி சத்தம் மெதுவா ஏறுச்சு, அப்புறம் 3, கொஞ்ச நேரத்துல 2.2க்கு வந்து நின்னுடுச்சு. கீபோர்டுக்கு மேல் பக்கம் கை வைக்க முடியல. லேப்டாப் மெத்த விரிப்பு மேல இருந்துச்சு, அடியில காத்து போற ஓட்டை மொத்தமும் அடைச்சுக்கிச்சு. மேஜை மேல வச்சு, பின்பக்கம் ரெண்டு தண்ணி பாட்டில் மூடிய முட்டுக் குடுத்தோம், கண்ணு முன்னாடியே 2.2ல இருந்து 2.8க்கு ஏறுச்சு. மறுநாள் அடி மூடிய கழட்டிப் பார்த்தா விசிறிக்கும் தகடுக்கும் நடுவுல தூசி பஞ்சு மாதிரி படிஞ்சிருந்துச்சு, பிரஷ்ல தட்டி எடுத்தோம்.

லேப்டாப்போட ஸ்பெக்ல போட்டிருக்கிற உச்ச வேகம் அந்த முதல் அரை நிமிஷத்துக்குத் தான். இதுல தான் சர்வர் நிஜமா வேற ஜாதி. அங்க பிராசஸருக்கு மேல கனமான ஹீட் சிங்க், முன்னாடி வரிசையா விசிறி, அறைக்கே ஏசி, அதனால முதல் நிமிஷம் என்ன வேகமோ பத்தாவது மணி நேரத்துலயும் ஏறக்குறைய அதே வேகம். உங்க லேப்டாப்ப சோதிக்கணும்னா சினிபென்ச் ஆர்23ங்கற வேகச் சோதனை சாஃப்ட்வேர் போட்டு ஓட விடுங்க, அது வழக்கமாவே 10 நிமிஷம் விடாம ஓட்டித் தான் ஸ்கோர் குடுக்கும். ஒரு தடவ ஓட்டிட்டு நிறுத்துற டெஸ்ட்டுல லேப்டாப்போட நிஜ முகம் தெரியாது.

கேள்வி (சேலம்): லேப்டாப்லயே ஜியான்னு ஸ்டிக்கர் ஒட்டி செகண்ட் ஹேண்ட்ல விக்கிறாங்க. சர்வர் பவர் கெடைக்குமா?

பதில்: கெடைக்காது. உதாரணத்துக்கு 2015ல வந்த ஜியான் இ3-1505எம் வி5, 4 கோர், 2.8 கிகாஹெர்ட்ஸ், உச்சத்துல 3.7, 45 வாட். அதே காலத்து ஐ7-6820எச்கியூ, 4 கோர், 2.7, உச்சத்துல 3.6, அதே 45 வாட். முக்கியமான வித்தியாசம் ஜியான்ல இசிசி மெமரி, அதாவது தன்னோட பிழைய தானே கண்டுபிடிச்சு திருத்துற ராம், போடலாம்ங்கறது. அந்த லேப்டாப்போட கட்டுமானம் நல்லா இருக்கும், அதுக்காக வாங்கினா சரி, ஸ்டிக்கருக்காக கூட காசு குடுக்காதீங்க.

கேள்வி (சென்னை): கிளவுட்ல 4 விசிபியு மெஷின் எடுத்திருக்கேன். என் 4 கோர் லேப்டாப்ப விட மெதுவா இருக்கு. ஏமாத்தறாங்களா?

பதில்: ஏமாத்தல, அவங்க சொல்ற விசிபியு வேற, நீங்க நினைக்கிற கோர் வேற. இன்டர்நெட் வழியா கம்ப்யூட்டர வாடகைக்கு விடுற அமேசான் கிளவுட்ல பெரும்பாலான இன்டெல் மெஷின்ல ஒரு விசிபியுங்கறது ஒரு த்ரெட். 4 விசிபியு எடுத்தா 2 கோர் தான் கையில. அவங்க சொந்தமா செஞ்ச கிராவிட்டான் மாதிரி சில பிராசஸர்ல ஒரு விசிபியுக்கு ஒரு முழு கோர். டி3 வகை எடுத்திருந்தா இன்னொரு கணக்கும் இருக்கு, டி3.மைக்ரோவுல ஒரு விசிபியுக்கு 10 சதவீதம் தான் நிரந்தரமா உங்களுக்கு, சும்மா இருக்கும்போது கிரெடிட் சேரும், வேலை வரும்போது அத செலவு பண்ணி ஓடும். தீர்ந்துட்டா வேகம் இறங்கும், அன்லிமிடட்ல இருந்தா பில் ஏறும். எந்த வகை எடுத்திருக்கீங்கன்னு முதல்ல பாருங்க, நாள் பூரா ஓடுற வேலைக்கு டி வகை வேணாம்.

கேள்வி (திருச்சி): பழைய லேப்டாப் ஒண்ணு சும்மா கெடக்கு. அத 24 மணி நேரமும் ஓட விட்டு வீட்டு சர்வரா வச்சுக்கலாமா?

பதில்: வீட்டு போட்டோ, பாட்டு, சிசிடிவி ரெக்கார்டிங் மாதிரி வேலைக்கு தாராளமா வச்சுக்கலாம், கரண்ட் போனாலும் பேட்டரி தாங்கும், நம்ம ஊருக்கு அது பெரிய வசதி. ஆனா அந்த பேட்டரி தான் ஆபத்தும். வருஷம் பூரா 100 சதவீத சார்ஜ்ல சூட்டோட இருந்தா உப்பிக்கும், அதனால பயாஸ்லயோ கம்பெனி ஆப்லயோ 80 சதவீதத்தோட நிறுத்துற வசதி இருந்தா கட்டாயம் போடுங்க, டச்பேட் லேசா தூக்கிக்கிட்டு தெரிஞ்சா அன்னிக்கே நிறுத்திடுங்க.

கடைக் கணக்கு, ஆஸ்பத்திரி ரெக்கார்டு மாதிரி தப்பு வரவே கூடாத வேலைய அதுல வைக்காதீங்க. கூகுளோட சர்வர்கள வச்சு 2009ல வெளிவந்த ஆய்வுல, வருஷத்துக்கு 8 சதவீதத்துக்கு மேல மெமரி ஸ்டிக்குகள்ல பிழை வருதுன்னு கண்டாங்க. சர்வர்ல இசிசி இருக்கிறதால அத கண்டு புடிச்சு திருத்திடும். சாதாரண லேப்டாப்ல ஒரு பிட்டு மாறினா யாருக்கும் தெரியாது, 1 இருந்த இடத்துல 0 ஆகி அப்படியே ஃபைல்ல சேவ் ஆயிடும். எந்த வேகச் சோதனையிலயும் இதுக்கு மார்க் கெடையாது, ஆனா சர்வருக்கு ஏன் கூட காசுன்னு கேட்டா நான் முதல்ல இதத் தான் சொல்லுவேன்.

கேள்வி (திருவாரூர்): அண்ணா, டிப்ளமோ ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். சர்வர் அட்மின் ஆகணும்னு ஆசை. அப்பா அறுவடை முடிஞ்சதும் கடன் வாங்கியாவது கம்ப்யூட்டர் வாங்கித் தர்றேங்கறார். சர்வர் வேலை கத்துக்க சர்வர் பிராசஸர் தான் வேணும்னு சென்டர்ல சொல்றாங்க. உண்மையா?

பதில்: உண்மை இல்ல தம்பி. அப்பாவ அதுக்குன்னு கடன் வாங்க விடாதீங்க. லேப்டாப்ல இருக்கிற இன்டெல், ஏஎம்டி பிராசஸர் பேசுற கட்டளை மொழியும் டேட்டா சென்டர்ல இருக்கிறது பேசுறதும் ஒண்ணு தான். அங்க ஓடுற அதே உபுன்டு சர்வர், அதே டெபியன்னு லினக்ஸ் வகை எல்லாம் உங்க லேப்டாப்ல அப்படியே ஓடும், நீங்க கத்துக்கிற ஒரு கமாண்டு கூட அங்க போய் மாறாது.

உங்களுக்கு வேணுங்கறது ராம். சர்வர் லினக்ஸ்ல படம் கிடம் எதுவும் இருக்காது, ஒரு விர்ச்சுவல் மெஷினுக்கு 2 ஜிபி போதும். வெப் சர்வருக்கு ஒண்ணு, டேட்டாபேஸுக்கு ஒண்ணு, ரெண்டையும் கண்காணிக்க ஒண்ணுன்னு மூணு வச்சா 6 ஜிபி, 16 ஜிபி இருந்தா தாராளம். 4 கோரோ 6 கோரோ இருக்கிற ரெண்டு மூணு வருஷம் பழைய ஆபீஸ் லேப்டாப் ஒண்ணு நல்ல நிலையில பாருங்க. கடைல தரும்போது பெரும்பாலும் ஒரே 8 ஜிபி ஸ்டிக் தான் இருக்கும், இன்னொரு ஸ்லாட் காலியா இருக்கான்னு அடி மூடிய தொறந்து காட்டச் சொல்லுங்க, போர்டுலயே ராம ஒட்டி வச்ச மாடல்னா வேணாம்னு எழுந்து வந்துடுங்க. காலி ஸ்லாட்டுல இன்னொரு 8 ஜிபி போட்டா ராமும் டபுள், மெமரி வேகமும் ஒரு சேனல்ல இருந்து ரெண்டு சேனலுக்கு டபுள். பயாஸ்ல வர்ச்சுவலைசேஷன்னு ஒரு செட்டிங் இருக்கும், அது ஆஃப்ல இருந்தா விர்ச்சுவல் மெஷின் எதுவும் ஒழுங்கா ஓடாது, ஆன் பண்ணிக்கங்க. வாங்குறதுக்கு முன்னாடி மாடல் பேர எனக்கு எழுதிப் போடுங்க, பார்த்து சொல்றேன்.